இல்லத்தில் கூடும் சபை

‘கோயில்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் ‘இல்’ இருப்பது புலப்படும். கோ என்பவன் தலைவன். அவன் உறையும் இல்லம் கோயில். அரசன் வாழ்ந்த மாளிகைக்கும் பண்டு அப்பெயரே வழங்கிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் வழிபாட்டு இடத்தைக் கோயில் என்றும் ஆலயம் என்றும் சொல்லுகின்றனர். ஆனால் அங்கே கூடும் மக்களைக் குறிக்கச் ‘சபை’ என்னும் வேறொரு சொல்லையும் வைத்திருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. கோயில் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆவது. சபை ஆட்களால் ஆவது. புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’ என்ற சொல்லும், அழைக்கப்பெற்றுக் கூடிய கூட்டம் என்றே பொருள்படும். கட்டடம் என்ற கருத்து அதில் இல்லை. ஆகவே கட்டடம் இன்றியும் சபை இருக்கலாம். அத்தகைய சபைகள், இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் நமது வடசென்னையில் பலவாக உள்ளன. வீடுகளில் கூடும் அச்சபைகளைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

நான் கிறிஸ்தவன் அல்லேன். ஆயினும் தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகள் குடியிருந்தவன் ஆதலால், இக்கூட்டங்களை அண்டை வீட்டானாக இருந்து அறிவேன். அழைத்தபோது சென்று அமர்ந்தும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குறுந்தெருவில் ஏதேனும் ஒரு சிறு வீட்டின் வாசலில் 30, 40 இணைச் செருப்புகள் கிடக்குமாயின், உள்ளே ஒரு சபை கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். பெயர்ப் பலகை இருந்தாலும் இருக்கும், இல்லாமற் போனாலும் போகும். மணி இராது, கோபுரம் இராது. இஃது ஏதோ அண்மையில் தோன்றிய புதுமை என்று எண்ணுவார் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. கிறிஸ்தவ சமயத்தில் வீடுதான் முந்தியது; கட்டடம் பிந்தியது.

எருசலேமில் இருந்த முதற் கிறிஸ்தவர்கள் வீடுகள்தோறும் கூடி அப்பம் பிட்டு உண்டனர் என்று ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என்னும் நூல் கூறுகிறது. பவுல் எழுதிய நிருபங்களில் இன்னார் வீட்டில் கூடும் சபை என்ற வழக்குப் பல இடங்களில் வருகிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற கணவன் மனைவியர் வீட்டில் ஒரு சபை கூடிற்று. அவர்கள் செல்வர்கள் அல்லர். கூடாரம் செய்து பிழைத்த கைத்தொழிலாளர். பிலிப்பி நகரத்தில் இரத்தாம்பரம் விற்று வாழ்ந்த லீதியாள் என்ற பெண்ணின் வீடு கூடும் இடமாயிற்று. துரோவா நகரத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் விளக்குகள் பல எரிய, நள்ளிரவு வரை பவுல் பேசிக்கொண்டே இருந்தார். சன்னலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஐத்திகு என்னும் இளைஞன் உறங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அவன் உயிர்பெற்று எழுந்தான் என்று நூல் கூறுவதால் நாம் கவலையின்றி மேலே செல்லலாம். நீண்ட சொற்பொழிவின் அபாயத்துக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

அக்கூட்டம் ஏன் இரவில் நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது. உரோமப் பேரரசில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள் அன்று. கான்ஸ்டன்டைன் மன்னன் 321-இல் ஆணை பிறப்பித்த பிறகே அது ஓய்வு நாளாயிற்று. அதற்கு முன் அடிமைகளும் கூலியாட்களும் வேலைக்குப் போகுமுன்போ வேலை முடிந்த பின்போதான் கூட இயலும். ஏறத்தாழ 112-இல் பித்தினியா நாட்டின் ஆளுநராக இருந்த பிளினி, டிராஜன் மன்னனுக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்த அவன், இவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடி மாறி மாறிப் பாடுகிறார்கள். பிறகு கலைந்து சென்று, மீண்டும் உணவுக்காகக் கூடுகிறார்கள். அவ்வுணவும் சாதாரணமானதே என்று எழுதுகிறான். குற்றம் தேடியவன் கண்டது பாட்டும் சோறுமே.

அந்தச் சோற்றினால் ஒரு சிக்கலும் எழுந்தது. கொரிந்து நகரச் சபையார் கூடி உண்ணும்போது சிலர் வயிறாரத் தின்று குடித்தனர். சிலர் பசியோடு இருந்தனர். வசதியுள்ளவர் முன்னதாக வந்து உண்டுவிட, வேலை முடித்து வருவோர் பிந்தி வந்து வெறும் பாத்திரத்தைக் கண்டனர் போலும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். இந்தக் காத்திருத்தலை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வடசென்னையில் அதற்கு வேலை இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டிற்குப் பின் பேரரசின் ஆதரவு கிடைக்கவே, பெரிய ஆலயங்கள் எழுந்தன. வீடு பின்னுக்குப் போயிற்று. ஆயினும் அவ்வழக்கம் அடியோடு அழியவில்லை. செர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துப் போதகரான ஸ்பேனர் என்பவர் 1670-இல் தம் வீட்டிலேயே சிலரைக் கூட்டி வேதம் படித்து உரையாடத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் வழிவந்த பிராங்கே, ஹாலே நகரத்தைத் தம் பணிக்கு நடுவிடமாக்கினார். அங்கே பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதே ஹாலே மரபைச் சேர்ந்த சூல்ட்சே 1726-இல் சென்னைக்கு வந்தார். பின்னர் வந்த பப்ரிசியுஸ் வேப்பேரியில் இருந்துகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கினார். ஆகவே தமிழ்ப் புரோட்டஸ்டண்டு சமயத்தின் வேரில் ஒன்று, ஒரு வீட்டுக் கூட்டத்தினின்று கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராயபுரம் என்னும் பெயரிலேயே கிறிஸ்தவம் இருக்கிறது. பேதுரு என்னும் சீடரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர், அவர் மீனவர். துறைமுகம் அமையாத நாளில் அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் சரக்கேற்றிச் சென்ற படகோட்டிகள், 19-ஆம் நூற்றாண்டில் அவர் பெயரால் இங்கே ஓர் ஆலயம் எழுப்பினர். தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. விடுதலைக்குப் பின் இதற்கு வடக்கே ஆலைகள் பெருகின. எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், டயர்த் தொழிற்சாலைகளும், மணலியில் எண்ணெய், உரத் தொழிற்சாலைகளும் தோன்றின. 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதை நம்பிக் குடியேறிய குடும்பங்கள் பல இன்னும் அங்கேதான் இருக்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி, வட ஆர்க்காடு, ஆந்திரக் கரையோரம் என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள்.

இவ்வாறு வந்தவனுக்கு ஊரில் ஒரு கோயில் இருந்திருக்கும், இங்கே இல்லை. இருந்தாலும் அது தொலைவில் இருக்கும். அவனுடைய வேலையோ மூன்று ஷிப்டு. ஞாயிறு காலை 8 மணிக்கு மணி அடித்தால், அவன் அப்போதுதான் இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். காசிமேட்டு மீனவனோ கடல் சொன்னபடி போய், கடல் சொன்னபடி வருவான். ஆலயத்தின் நேரம் ஊருக்குப் பொதுவானது. வீட்டின் நேரத்தைத் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நிலத்தின் விலையோ ஏழைச் சபையார் எட்டிப் பிடிக்கும் அளவில் இல்லை. வீட்டுச் சபை இங்கே வேரூன்றியதற்கு இவையே பெருங்காரணங்கள். சமயக் கொள்கை பற்றிய காரணங்களும் உண்டு. ஆனால் கடிகாரத்தையும் வாடகையையும் மறந்துவிட்டுக் கொள்கையை மட்டும் பேசுவோர் வடசென்னையை அறியாதவர் ஆவர்.

வீட்டில் கூடுவோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை முதலிய பழைய சபையார் ஞாயிறன்று ஆலயத்துக்குச் செல்வர். வார நாள் மாலையில் தெருவுக்கு ஒரு வீடாக முறைவைத்து ஜெபக் கூட்டம் நடத்துவர். கத்தோலிக்கர் தம் பங்கைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ‘அன்பியம்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அருகருகே வாழும் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, சிறிது நேரம் மௌனமாக இருந்து, தமக்குப் பட்டதை ஒவ்வொருவரும் கூறி, இம்மாதம் நம் தெருவுக்கு நாம் செய்ய வேண்டுவது யாது என்று முடிவு செய்வர். இந்த ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி உலகெங்கும் பரவியது. ஒரு வேடிக்கை: புரோட்டஸ்டண்டார் ‘ஜெபம்’ என்பதைக் கத்தோலிக்கர் ‘செபம்’ என்பர். சுவருக்கு இப்பால் இருந்து கேட்டாலே உள்ளே கூடியிருப்போர் யார் என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும்.

மூன்றாம் வகையினருக்கு வீடுதான் சபை. வேறு ஆலயம் இல்லை. இவர்களுள் பெரும்பாலோர் பெந்தெகொஸ்தே மரபினர். 1920-களில் இலங்கையில் தோன்றிப் பின் தமிழகத்தில் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், ஊழியர் தங்கும் இல்லத்துக்கு ‘விசுவாச வீடு’ என்றே பெயரிட்டது. எந்தப் பெரிய அமைப்பையும் சேராத தனிச் சபைகளும் மிகப் பல. இவ்வகை வீட்டில் கூட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சிறிது விரித்துச் சொல்லுகிறேன்.

முதலில் வீட்டைச் சபையாக்க வேண்டும். கட்டிலை மடக்கிச் சுவரில் சார்த்துவர், தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் ஒரு துணியைப் போர்த்துவர், பாய்கள் விரிக்கப்படும். ஆடவர் ஒரு புறமும் பெண்டிர் ஒரு புறமும் அமர்வர். முதியவருக்கு நாற்காலி உண்டு. பெண்கள் தலையில் முக்காடு இட்டுக்கொள்வர். வருவோர் ஒருவரையொருவர் ‘ஸ்தோத்திரம்’ என்று கைகூப்பி வரவேற்பர். பிரதர், சிஸ்டர் என்று அழைத்துக்கொள்வர். போதகர் பாஸ்டர், அவர் மனைவி பாஸ்டரம்மா. மாமா, சித்தப்பா என்று உறவுமுறை சொல்லி அழைக்கத் தெரிந்த நம் மக்கள், உறவல்லாத ஒருவரை வீட்டுக்குள் வைத்து அழைப்பதற்கு இந்த ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டனர். இவை கேட்கச் சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் அண்ணன், தங்கை என்னும் சொற்களில் சாதியும் ஊரும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். பிரதரில் அவை வருவதில்லை.

கூட்டம் பாட்டில் தொடங்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகள் பழைய சபையாரிடம் இராகத்தோடு பாடப்பெறும். வெப் என்ற மதுரை மிஷனரி 1853-இல் இவ்வகைப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். தனிச் சபைகளில் எளிய துதிப் பாடல்களே மிகுதி. ஓரிரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பக் கைதட்டிப் பாடுவர். கஞ்சிராவோ டோலக்கோ துணை நிற்கும். எழுத்தறியாத மூதாட்டியும் இரண்டாம் முறையில் சேர்ந்துகொள்ள இயலும். பாட்டு முடியும் தறுவாயில் அனைவரும் ஒரே நேரத்தில் தத்தம் சொற்களில் உரக்க ஜெபிப்பர். புதிதாக வருபவருக்கு இது திகைப்பூட்டும். சிலர் அந்நியபாஷையில் பேசுவர். மெல்ல அது தானே அடங்கும்.

அடுத்து வருவது சாட்சி. இதுவே வீட்டுச் சபையின் உயிர்நிலை என்பது என் எண்ணம். விரும்பிய எவரும் எழுந்து, அவ்வாரம் தமக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். மகனுக்கு வேலை கிடைத்தது. கணவன் 10 நாளாகக் குடிக்கவில்லை. வலையில் மீன் பட்டது, அல்லது படவில்லை. வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். பொதுவிடத்தில் வாய் திறந்து பேசிப் பழகாத பெண் ஒருத்தி, 30 பேர் முன் தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கிறாள். சொல்லப்பட்டவை உடனே ஜெபக் குறிப்புகளாகின்றன. அடுத்த வாரம் ‘அந்தக் காரியம் என்னவாயிற்று?’ என்று கேட்க ஆள் இருக்கிறது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் வெஸ்லியைச் சேர்ந்தோர், கூட்டக் கட்டடத்தின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டுவதற்காகப் பன்னிருவருக்கு ஒரு தலைவர் என்று அமைத்தனர். காசு வாங்க வீடுவீடாகப் போனவர்கள், அவ்வீடுகளில் நடப்பதை அறிந்தனர்; கடன் வசூல் ஆன்ம விசாரணையாக மாறியது. வடசென்னையில் சாட்சி நேரம் செய்வதும் அதுவே.

பிறகு வேத வாசிப்பும் பிரசங்கமும் நடைபெறும். ஐத்திகுவின் கதையைப் பலரும் மறந்துவிடுகின்றனர் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். காணிக்கை எடுப்பர். நோயாளியின்மேல் கைவைத்தும் எண்ணெய் பூசியும் ஜெபிப்பர். அப்பம் பிட்டுத் திராட்சைரசம் பருகும் திருவிருந்து சில சபைகளில் வாரந்தோறும், சிலவற்றில் மாதம் ஒருமுறை. ஞானஸ்நானம் மட்டும் வீட்டில் நடவாது. முழுவதும் நீரில் மூழ்க வேண்டுமாதலால் கடலுக்கோ ஏரிக்கோ தொட்டி கட்டிய சபைக்கோ செல்வர்.

எல்லாம் முடிந்தபின் தேநீரும் பிஸ்கோத்தும், சில நாள்களில் சாப்பாடும் வரும். விருந்தினர் பலர் இதைக் கூட்டத்தின் வால் என்று நினைத்து எழுந்துவிடுகின்றனர். அது தவறு. மற்றவையெல்லாம் ஓர் ஆலயத்திலும் நடக்கக் கூடியவை. இது ஒன்றே வீட்டுக்கு உரியது. நம் நாட்டில் மிகவும் கடினமானதும் இதுவே.

ஏனெனில் தமிழ்நாட்டில் வீடு என்பது சாதியின் கடைசி அரண். ஆலையில் ஒரே இயந்திரத்தில் கைவைப்பவர்கள், புகைவண்டியில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள், ஒருவர் வீட்டு அடுக்களைத் தண்ணீரை மற்றவர் குடிப்பதில்லை. இராமாநுசர் வரலாற்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார் இராமாநுசர். அவர் வெளியே சென்றிருந்தபோது நம்பி வந்து உண்டு போய்விட்டார். இராமாநுசரின் மனைவியோ, குலத்தால் தாழ்ந்தவர் உண்டார் என்று எண்ணி, இலையை எறிந்து, இடத்தை மெழுகி, தலைக்கு நீராடி, வேறு சமைத்தாள். திரும்பி வந்த இராமாநுசர் அதுகண்டு வருந்தினார் என்பர். கோயிலில் நம்பியின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. வீட்டின் படியைத் தாண்டியபோதுதான் சிக்கல் வந்தது.

கிறிஸ்தவர்கள் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதற்கு இணங்காமல் விலகிப் போயினர். 1847-இல் மதுரையில் அமெரிக்க மிஷனார் ஒரு தேர்வே வைத்தனர். ‘அன்பின் விருந்து’ என்று எல்லாரும் ஒருங்கே உண்ண ஏற்பாடு செய்து, உண்ண மறுத்தோரைச் சபையுரிமையிலிருந்து நிறுத்திவைத்தனர். வாயால் அறிக்கையிட்ட நம்பிக்கையை விட, வாய்க்குள் போகும் சோறு நம்பத்தக்க சான்று என்று அவர்கள் கருதினர். கட்டாயத்தால் ஊட்டிய சோறு எவ்வளவு நாள் தங்கும் என்பது வேறு கேள்வி.

கட்டாயமின்றி அதைச் செய்துகாட்டியவர் பக்த் சிங். 1903-இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இங்கிலாந்திலும் கனடாவிலும் பொறியியல் படித்த அவர், 1941-இல் சென்னையில் ‘யெகோவா ஷம்மா’ என்னும் சபையைத் தொடங்கினார். அங்கே பெஞ்சுகள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அனைவரும் பாயில் அமர்ந்தனர். நீண்ட ஆராதனைக்குப் பின் படித்தவரும் படியாதவரும், பல சாதியினரும் மொழியினரும் வரிசையாகத் தரையில் இருந்து ஒரே உணவை உண்டனர். மேலைநாட்டு முறைகளை விட்டு நம் நாட்டு முறையில் கூடியதே அச்சபை விரைந்து பரவியதற்குக் காரணம் என்பர். ஆனால் வரிசையாக இருந்து உண்பதும் நம் நாட்டு முறைதான், வரிசை பிரித்து உண்பதும் நம் நாட்டு முறைதான். இவற்றுள் ஒன்றை அவர் தேர்ந்துகொண்டார் என்பதே சிறப்பு. அவர் 2000-இல் ஐதராபாத்தில் காலமானார்.

வடசென்னையின் வீட்டுச் சபைகள் எல்லாம் இத்தேர்வில் தேறிவிட்டன என்று நான் கூறமாட்டேன். ஒரே தெருவில் ஒரே சாதியினர் நெருங்கி வாழும் இடத்தில், அத்தெருவுக்குள் கூடும் சபையும் ஒரே சாதியாக அமைந்துவிடுகிறது. பெரிய ஆலயத்திலாவது அடுத்த தெருக்காரரைக் காணலாம். ஆனால் எங்கே முறைவைத்து வீடு மாறுகிறதோ, எங்கே இந்த வாரம் மீனவர் வீட்டிலும் அடுத்த வாரம் துப்புரவுத் தொழிலாளர் வீட்டிலும் தேநீர் ஊற்றப்படுகிறதோ, அங்கே ஏதோ அசைகிறது. இரண்டாம் ஷிப்டு முடிந்து வருவோருக்கென்று பாதிப் பாத்திரத்தை மூடி வைத்துக் காத்திருக்கும் வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு ஒரு வாசல் இருப்பது போலவே ஒரு சுவரும் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் வேறொருவர் குடியிருக்கிறார். 30 பேர் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பது உள்ளே இருப்போருக்கு ஆறுதல். மறுபக்கத்தில் நாளைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு அது வேறு. இந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. அதுவும் நம் வடசென்னையிலிருந்தே. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெப மண்டபத்தில் ஒலிபெருக்கியும் பறைகளும் முழங்கின என்று குடியிருப்போர் சங்கம் முறையிட்டது. அது வீட்டுச் சபை அன்று; பெரிய மண்டபம். எனினும் 2000 ஆகஸ்டு 30-இல் அளிக்கப்பெற்ற தீர்ப்பு வீடுகளுக்கும் பொருந்தும். பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை. குழந்தைகள், முதியோர், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு கட்டின.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமய உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், உடல்நலம் இவற்றுக்கு உட்பட்டே தருகிறது. இவ்விதி எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. ஆடி மாதத்து ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொள்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிராவின்மேல் மட்டும் புகார் எழுதுவதை நான் கண்டதுண்டு. அதை நேர்மை என்று சொல்ல இயலாது. அதேபோல், தம் தெருவார் எல்லாரும் கேட்க வேண்டுமென்றே ஒலிபெருக்கியைச் சன்னல் பக்கம் திருப்பிவைப்பதும் வழிபாடு ஆகாது. விசிறியை நிறுத்திச் சன்னலைச் சாத்தி வியர்க்க வியர்க்கப் பாடும் சபைகளும் உண்டு. அவர்களை அண்டை வீட்டார் அடுத்த பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து மதிக்கின்றனர்.

இன்னும் இரண்டு குறைகளைச் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். தனிச் சபையின் போதகருக்கு மேலே ஆயர் இல்லை, ஆட்சிக் குழு இல்லை. காணிக்கைக் கணக்கை யார் பார்ப்பது? மூப்பர் மூவரை அமர்த்தி மாதந்தோறும் கணக்கை வாசிக்கும் சபைகள் உள்ளன. போதகர் வைத்ததே கணக்கு என்று இருப்பனவும் உள்ளன. மற்றொன்று நோய். சென்னைப் புரோட்டஸ்டண்டாரை ஆராய்ந்து 1987-இல் நூல் வெளியிட்ட லயனல் காப்லன் என்ற மானிடவியலார், எளிய மக்கள் தம் துன்பத்துக்குத் தீய ஆவியும் சூனியமும் காரணம் என்று நம்புவதைப் பழைய சபைகள் காதில் வாங்கவில்லை. புதிய கூட்டங்கள் காதுகொடுத்துக் கேட்டன. ஆகவே மக்கள் அங்கே சென்றனர் என்று விளக்கினார். கேட்பது நன்று. ஆனால் கேட்டபின் என்ன சொல்லுகின்றனர் என்பதில்தான் உயிர் இருக்கிறது. மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் கூட்டத்தை விட்டு விலக வேண்டும். ஜெபித்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு உடன் சென்று, இரவெல்லாம் வராந்தாவில் படுத்திருக்கும் சிஸ்டர்களே அச்சபையின் சிறந்த ஊழியர்.

ஒரு வீட்டுச் சபை வளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். யூப்ரடீசு ஆற்றங்கரையில் துரா யூரோப்போஸ் என்ற பழைய நகரத்தை 1930-களில் அகழ்ந்தபோது, மூன்றாம் நூற்றாண்டு வீட்டுச் சபை ஒன்று வெளிப்பட்டது. இன்று உலகில் நாம் அறிந்த மிகப் பழைய கிறிஸ்தவ வழிபாட்டு இல்லம் அதுவே எனலாம். வெளியே பார்த்தால் மற்ற வீடுகளைப் போன்றதே. உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருந்தனர். ஏறத்தாழ 70 பேர் அமரலாம். மாறாக, தென்கொரியாவின் சியோல் நகரத்தில் போதகர் யோங்கி சோ 1960-களில் வேறு வழியை மேற்கொண்டார். பெருஞ்சபையைச் சிறு வீட்டுக் குழுக்களாகப் பகுத்து, பெரும்பாலும் பெண்களையே தலைவர்களாக்கி, குழு பெருத்தவுடன் அதை இரண்டாகப் பிரித்தார்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. மாடியில் தகரக் கூரை போட்டு மண்டபமாக்கலாம் என்பர் இளைஞர். அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும், அண்டை வீட்டாரின் இசைவும் வேண்டும். மண்டபம் வந்தால் பாயெல்லாம் நாற்காலியாகும், தேநீர் நின்றுபோகும் என்று அஞ்சுவர் முதியோர். பாஸ்டரம்மா இரண்டாவது வீடு ஒன்று கிடைக்குமா என்று அடுத்த தெருவில் விசாரித்துக்கொண்டிருப்பார்.